குறித்த வேளையில் அளவெடுத்தல்

வானொலியில் வானிலை அறிக்கை கேட்கும் வழக்கமுள்ளவர்கள், காலை எட்டரை மணியோடு முடிவடைந்த 24 மணி நேரத்தில் இன்ன ஊரில் இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்று சொல்லப்படுவதைப் பன்முறை செவியுற்றிருப்பார்கள். இந்திய நேரம் எட்டரை என்பது உலகப் பொது நேரத்தில் சரியாக மூன்று மணியாகும். பல தேசங்களின் வானிலை நிலையங்களும் மூன்று மணிக்கொரு தரம் ஒரே க்ஷணத்தில் அவதானம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இசைவாகவே அந்த நேரம் அமைந்திருக்கிறது. மழைமானியில் தேங்கிய நீரை ஒரு நாள் ஏழு மணிக்கும், மறுநாள் பத்து மணிக்கும், மூன்றாம் நாள் சிப்பந்திக்கு ஒழிவு கிடைத்தபோதும் அளந்து வைத்தால், ஒவ்வோர் அளவும் தனித்தனியே உண்மையாக இருந்தபோதிலும், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவது இயலாத காரியமாகிவிடும். சென்சாரை வாங்கிக் கம்பி இணைத்து அதன் எண்ணைத் திரையில் பார்த்துவிட்டதோடு வேலையில் பெரும் பகுதி முடிந்தது என்று எண்ணுகிற ஆரம்ப மாணவர், இனிமேல்தான் வேலை தொடங்குகிறது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக ஒரு குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதும், காலையும் மாலையும் உஷ்ணமானியைப் பார்த்து ஏட்டில் குறிக்கும் வழக்கம் நெடுங்காலமாக அங்கே உண்டு என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால் ஹெபடைடிஸ்-பி போன்ற சில மருந்துகள் உறைந்துபோனால் வீரியம் இழந்துவிடும். அந்த உறைநிலை நள்ளிரவில் ஒரு மணி நேரம் வந்து போயிருந்தால், காலை ஏட்டில் அதற்குச் சாட்சி ஏதும் இராது. இக்குறையைத் தீர்க்கவே இப்போது தாமாகவே அளவெடுத்து அனுப்பும் கருவிகள் வந்திருக்கின்றன. ‘ஈவின்’ என்ற பெயரில் மத்திய சுகாதார அமைச்சகம் 2015 முதல் நடத்திவரும் திட்டத்தில் அவை இடம்பெற்றுள்ளன. நாம் செய்யப்போவது அங்கீகாரம் பெற்ற அக்கருவிகளுக்கு மாற்று அன்று. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பழகிக்கொள்ளத் தக்க ஒரு சிறு பயிற்சியே. எனினும் அதில் எழும் பிரச்சினைகள் யாவும் பெரிய கருவியிலும் எழுபவைதாம்.

உபகரணங்கள் சென்ற அத்தியாயத்தில் கூறியவையே: ஒரு ராஸ்ப்பெரி பை, எஃகுக் குழாயில் அடைத்த டிஎஸ்18பி20 உஷ்ண சென்சார், 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று. நிரலை ஜாவா மொழியில் எழுதுகிறோம். பைத்தானில் எழுதினால் வரிகள் குறையும் என்பது மெய்யே. ஆயினும், குறித்த வேளையில் பணிகளை ஓட்டுவதற்கென்று ஜாவாவின் ஐந்தாம் பதிப்போடு 2004-இல் வந்து சேர்ந்த ‘ஸ்கெட்யூல்ட் எக்ஸிகியூட்டர் சர்வீஸ்’ என்னும் வசதி, காலத்தைப் பற்றிய சில நுட்பமான பேதங்களை நாம் கேளாமலே நம் கண்முன் நிறுத்துகிறபடியால், கற்பதற்கு அதுவே உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

முதலாவதாக நிர்ணயிக்க வேண்டியது இடைவெளி. குளிர்ப்பெட்டியின் கம்ப்ரஸர் இடைவிடாது ஓடுவதில்லை. சிறிது நேரம் ஓடி, சிறிது நேரம் நின்று, மீண்டும் ஓடும். அதனால் உள்ளே உஷ்ணம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தச் சுற்று அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நாமும் அரை மணிக்கொரு முறை அளப்போமாயின், ஒவ்வொரு முறையும் ஏற்றத்தின் அதே கட்டத்தில்தான் போய் நிற்போம். வரைபடத்தில் நேர்கோடு ஒன்று கிடைக்கும். பெட்டி அசையாமல் 4 டிகிரியில் நிற்பதாக நம்பி மகிழ்வோம். சுற்று 30 நிமிஷமாகவும் நம் இடைவெளி 31 நிமிஷமாகவும் இருந்தால் இன்னும் விபரீதம்: ஒரு சுற்று முழுவதும் பதினைந்தரை மணி நேரமாக நீண்டு, பெட்டிக்குள் இல்லவே இல்லாத ஓர் அலை வரைபடத்தில் தோன்றும். ஒரு சுற்றுக்கு இரண்டு அளவுகளுக்கு மேல் வேண்டும் என்று கணித சாஸ்திரம் கூறும் எல்லை மிகக் குறைந்தபட்சமானது. நடைமுறையில் எட்டு, பத்து இருந்தால்தான் உருவம் தெளியும். ஆகையால் முதல் நாள் மட்டும் பத்து விநாடிக்கொரு தரம் அளந்து, கம்ப்ரஸரின் சுற்று எவ்வளவு என்று கண்டறிந்து, பிறகு நிரந்தர இடைவெளியை முடிவு செய்வது நல்லது. நாம் ஒரு நிமிஷம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 1440 அளவுகள், ஆண்டுக்கு 5,25,600. வரிக்கு 40 எழுத்து என்று பார்த்தால் ஆண்டு முழுமைக்கும் 21 மெகாபைட்தான் ஆகிறது. இதைவிட நெருக்கமாக அளப்பதால் இங்கே பிரயோஜனம் இல்லை, ஏனெனில் எஃகுக் குழாய்க்குள் இருக்கும் சென்சார் சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்தை அடைவதற்கே சற்று நேரம் பிடிக்கும்.

இனி நிரலுக்கு வருவோம். எவரும் முதலில் எழுதுவது, ‘அளந்து எழுது, அறுபது விநாடி உறங்கு, மீண்டும் முதலுக்குப் போ’ என்ற முறையில் அமைந்த முடிவில்லாச் சுழற்சியாகும். இதில் உள்ள குறை முதல் மணி நேரத்தில் புலப்படாது. டிஎஸ்18பி20, 12 பிட் நுட்பத்தில் ஓர் அளவை எடுத்து முடிக்க 750 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும். கோப்பில் எழுதும் நேரத்தையும் கூட்டினால் முக்கால் விநாடிக்குச் சற்று மேலாகும். அதை 0.8 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றின் நீளம் 60 விநாடி அன்று, 60.8 விநாடி. முதல் அளவு 9.00.00 மணிக்கு என்றால் பத்தாவது சுற்று முடிகையில் எட்டு விநாடி பின்தங்கியிருப்போம். ஒரு நாள் கழிந்து கோப்பைத் திறந்து எண்ணினால் 1440 வரிகளுக்குப் பதில் 1421 வரிகளே இருக்கும். காணாமற்போன அந்தப் பத்தொன்பதும் எந்த இடத்தில் போயின என்று விரல் வைத்துக் காட்ட முடியாது என்பதுதான் இதில் விசேஷம். அவை ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் கரைந்தவை.

ஜாவாவின் அந்த வசதியில் இதற்கென இரண்டு வழிகள் உள்ளன. ‘ஸ்கெட்யூல் வித் ஃபிக்ஸ்டு டிலே’ என்பது, ஒரு பணி முடிந்த கணத்திலிருந்து இடைவெளியை எண்ணத் தொடங்கும். மேலே கூறிய உறங்கும் சுழற்சியின் குணமே அதற்கும் உண்டு. ‘ஸ்கெட்யூல் அட் ஃபிக்ஸ்டு ரேட்’ என்பதோ, பணி எப்போது முடிந்தது என்பதைப் பொருட்படுத்தாமல், முதல் தொடக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று இடைவெளிகள் என்று கணக்கிட்டு அந்தந்தக் கணத்தில் பணியைத் தொடங்கும். அளவெடுப்பதற்கு இரண்டாவதே உரியது. இணையத்தில் ஒரு சேவையகத்தைக் கேட்டுக் கேட்டுச் செய்தி வாங்கும் பணிக்கு முதலாவது பொருந்தும், ஏனெனில் அங்கே மறுமுனைக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது மரியாதை. முதல் அளவு நிமிஷத்தின் பூஜ்ய விநாடியில் விழ வேண்டுமென்றால், நிரல் தொடங்கிய கணத்துக்கும் அடுத்த முழு நிமிஷத்துக்கும் இடையேயுள்ள மில்லி விநாடிகளைக் கணக்கிட்டு, அதைத் தொடக்கத் தாமதமாகக் கொடுத்துவிட்டால் போதும்.

ஆனால் நிலையான வேகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஏதோ காரணத்தால், எஸ்.டி. கார்டு எழுத்தை ஏற்காமல் இழுத்தடித்தது என்றே வைத்துக்கொள்வோம், ஒரு பணி நான்கு நிமிஷம் தடைப்பட்டு நின்றுவிட்டது. அதே பணியின் இரண்டு ஓட்டங்களை ஒரே சமயத்தில் அந்த வசதி நடத்தாது. ஆனால் தவறிய வேளைகளை மறந்துவிடுவதும் இல்லை. தடை நீங்கியவுடன், தவறிய ஓட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிடாமல் ஓட்டி, கணக்கை நேர் செய்துவிடும். விளைவாக, நான்கு விநாடிக்குள் எடுத்த நான்கு அளவுகள், நான்கு நிமிஷங்களின் பிரதிநிதிகளாகக் கோப்பில் வந்து அமரும். சம்பளப் பட்டுவாடா போன்ற காரியத்தில் இந்தக் கடன் தீர்க்கும் குணம் பாராட்டத் தக்கது. உஷ்ண அளவில் இது பொய்ச்சாட்சி. கடந்துபோன நிமிஷத்தின் உஷ்ணத்தை இனி எந்தக் கருவியாலும் அளக்க முடியாதல்லவா? ஆதலின், பணியின் முதல் காரியமாக, இப்போதைய நேரத்தை நிமிஷத்துக்கு இறக்கிக்கொண்டு, அது சென்ற முறை எழுதிய அதே நிமிஷமாக இருப்பின் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும் என்று எழுதிவிடுக. இடையில் தாண்டப்பட்ட நிமிஷங்களுக்கு மதிப்பின்றி, ‘தவறியது’ என்ற குறியோடு வரிகள் எழுதப்படட்டும். அக்கம்பக்கத்து எண்களின் சராசரியைப் போட்டு அந்த இடத்தை நிரப்பும் ஆசை சிலருக்கு உண்டு. வரைபடம் வரைகிறவர் வேண்டுமானால் பிற்பாடு அதைச் செய்துகொள்ளலாம். அளவெடுக்கும் நிரலுக்கு அந்த அதிகாரம் இல்லை.

இதைவிட அபாயகரமான ஒன்றை இப்போது கவனிக்க வேண்டும். இவ்வசதியின்கீழ் ஓடும் பணிக்குள் எழும் ஓர் எக்ஸெப்ஷன் பிடிக்கப்படாமல் வெளியே தப்பினால், அந்தப் பணியின் அடுத்தடுத்த ஓட்டங்கள் யாவும் அத்துடன் நிறுத்தப்படும். திரையில் ஒரு சொல் தோன்றாது. பிழை அறிவிப்பு எதுவும் எழுதப்படாது. பணியைத் தொடங்கியபோது நமக்குத் திருப்பித் தரப்பட்ட பொருளிடம் நாமே சென்று கேட்டாலொழிய அது வாய் திறவாது. நிரலோ உயிருடன் இருக்கும், ஏனெனில் பணியை ஓட்டிய த்ரெட் அடுத்த வேலைக்காகக் காத்து நிற்கிறது. ஓடும் நிரல்களின் பட்டியலில் தேடினாலும் அதன் பெயர் தென்படும். மாணவர்கள் பெரும்பாலும் கோப்பு சம்பந்தமான எக்ஸெப்ஷனைத் தவறாமல் பிடித்துவிடுகிறார்கள், ஏனெனில் அதைப் பிடிக்காவிட்டால் ஜாவா நிரலைத் தொகுக்கவே மறுக்கும். ஆனால் சென்சாரின் கம்பி ஒரு கணம் ஆடி, எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சரம் வந்து, அதை எண்ணாக மாற்ற முயலும்போது எழுகிற எக்ஸெப்ஷனைப் பிடிக்கும்படி எவரும் வற்புறுத்துவதில்லை. அது தப்பி வெளியேறிய க்ஷணத்தோடு அளவெடுப்பு முடிந்தது. எனவே பணியின் உடல் முழுவதையும் ஒரே பிடிக்குள் அடக்கி, எந்த வகை எக்ஸெப்ஷன் ஆயினும் அதைக் கோப்பில் ‘பிழை’ என்று குறித்துவிட்டு அமைதியாகத் திரும்பும்படி எழுதுவது கட்டாயம். இந்த நூலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்சாரைப் படிப்பது எளிது. லினக்ஸ் அதை ஒரு சிறு கோப்பாகவே நமக்குக் காட்டுகிறது. அதில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியின் கடைசியில் ‘யெஸ்’ என்று இருந்தால் சென்சார் அனுப்பிய செய்தி வழியில் சிதையவில்லை என்று பொருள். இரண்டாம் வரியின் இறுதியில் உள்ள எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் உஷ்ணம் கிடைக்கும். 4312 என்றால் 4.312 டிகிரி. இந்த மூன்று தசம ஸ்தானங்களைக் கண்டு மயங்கலாகாது: சென்சாரின் மிகச் சிறிய படி 0.0625 டிகிரி, அதன் துல்லியமோ அரை டிகிரி இப்படியோ அப்படியோதான். முதல் வரியில் ‘நோ’ என்று வந்தால் ஒரே ஒரு தரம் மீண்டும் படித்துப் பார்க்கலாம்; அப்போதும் வராவிட்டால் பிழை என்று குறித்துவிட்டு அடுத்த நிமிஷத்துக்குக் காத்திருப்பதே முறை. மின்சாரம் கிடைத்தவுடன், முதல் அளவு எடுப்பதற்கு முன்பு, இந்தச் சென்சார் தன் நினைவில் வைத்திருக்கும் எண் 85 டிகிரி. மின்தொடர்பு தளர்ந்த சென்சாரிலிருந்து, சிதைவு ஏதுமின்றி, ‘யெஸ்’ என்ற முத்திரையோடு 85.000 வருவது உண்டு. குளிர்ப்பெட்டியில் 85 டிகிரி சாத்தியமில்லையாகையால் அதைப் பிழை என்று தள்ளுவது சுலபம். கொதிகலனில் அளக்கிறவர் முந்தின பிந்தின எண்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கணிப்பொறிக்குள் இரண்டு வகைக் கடிகாரங்கள் உண்டு. ஒன்று நாள், மணி, நிமிஷம் சொல்லும் சுவர்க்கடிகாரம். அதை வலையமைப்பிலிருந்து வரும் சரியான நேரமோ, மனிதர் கையோ முன்னும் பின்னும் தள்ள முடியும். மற்றது, முன்னோக்கி மட்டுமே ஓடுவது. இத்தனை நானோ விநாடிகள் கழிந்தன என்பதைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. நாம் பயன்படுத்தும் வசதி தன் இடைவெளிகளை இரண்டாவது கடிகாரத்தைக் கொண்டே எண்ணுகிறது. ஜாவாவில் அதற்கு முன்பிருந்த ‘டைமர்’ என்பது முதலாவதை நம்பியிருந்ததால், யாராவது கடிகாரத்தைத் திருத்தினால் அதன் ஒழுங்கு குலையும். இடைவெளிக்கு ஓடும் கடிகாரம், முத்திரைக்குச் சுவர்க்கடிகாரம் என்று இரண்டின் உபயோகத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அந்த முத்திரையை உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில், பதிவதே உத்தமம். இந்தியாவில் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் வழக்கம் இல்லையே, இங்கு எதற்கு என்று கேட்பவர்கள் பாக் நீரிணைக்கு அப்பால் நோக்கட்டும். இலங்கை 1996 மே மாதத்தில் தன் நேரத்தை ஒரு மணி முன் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் இன்னுமோர் அரை மணி பின்வாங்கிப் பழையபடி யுடிசிக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளில் யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ உள்ளூர் நேரத்தில் மட்டும் எழுதப்பட்ட ஓர் உஷ்ண ஏட்டில், கடிகாரம் பின்வாங்கிய இரு இரவுகளிலும் ஒரே அரை மணி இருமுறை வந்திருக்கும். உள்ளூர் நேரம் வாசிப்பவருக்கு வேண்டியது. அதைக் காட்டும்போது மாற்றிக் காட்டிக்கொள்ளலாம்.

ராஸ்ப்பெரி பையின் நான்காம் மாதிரி வரையில் மின்சாரம் நின்றபோதும் ஓடக்கூடிய கடிகாரம் அதனுள் கிடையாது. ஐந்தாம் மாதிரியில் உண்டு, ஆனால் அதற்குத் தனியே மின்கலம் பொருத்த வேண்டும். எனவே மின்வெட்டுக்குப் பின் எழுந்திருக்கும் பழைய மாதிரி, வலையமைப்பை எட்டும்வரை, தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தையே இப்போதைய நேரமென்று நம்பிக்கொண்டிருக்கும். மின்வெட்டின் நீளத்தோடு, அந்த நேரத்தைக் குறித்ததற்கும் மின்சாரம் நின்றதற்கும் இடைப்பட்ட நேரமும் சேர்ந்து, அத்தனை நேரம் அது பின்தங்கியிருக்கும். அந்தச் சில நிமிஷங்களில் எழுதப்படும் வரிகள் கோப்பில் ஏற்கெனவே உள்ள வரிகளோடு மோதும். டிஎஸ்3231 என்னும் கடிகாரச் சில்லை மின்கலத்தோடு வாங்கி இணைப்பது சிறந்த பரிகாரம்; சாதாரண உஷ்ணத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்கு மேல் பிசகுவதில்லை. அது இல்லாதவர்கள், நேரம் ஒத்திசைந்தது என்று இயங்குதளம் உறுதி கூறும்வரை அளவெடுப்பைத் தொடங்காமல் காத்திருக்கும்படி நிரலை அமைக்கலாம். வலையமைப்பே இல்லாத கிராமப்புறத்துக்கு இன்னொரு யுக்தி உண்டு: ஒவ்வொரு வரியிலும், நிரல் தொடங்கியதிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதையும் ஒரு பத்தியில் எழுதிவைத்தால், பின்னர் ஒரே ஒரு கணத்தின் சரியான நேரம் தெரிந்தால்கூட, அந்த ஓட்டத்தின் மற்ற எல்லா வரிகளையும் அதிலிருந்து கழித்துக் கூட்டித் திருத்திக்கொள்ளலாம்.

எழுதும் வேலையை அளக்கும் பணியிலிருந்து பிரித்து வேறொரு த்ரெட்டிடம் ஒப்படைத்துவிடுக. அளக்கும் பணி தன் முடிவை ஒரு வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பும். எழுதுபவர் தம் வேகத்தில் எடுத்து எழுதட்டும். ஒரு வரிக்கு ஐந்து பத்திகள் போதும்: குறித்த நிமிஷம், உண்மையில் அளந்த நேரம், தொடக்கத்திலிருந்து விநாடி, உஷ்ணம், நிலை. சாதாரண சிஎஸ்வி கோப்பே இதற்குப் போதுமானது. பல சென்சார்கள் வந்தபிறகு எஸ்க்யூலைட்டுக்குப் போகலாம். நாளுக்கொரு கோப்பு வைத்துக்கொண்டால், மின்வெட்டில் ஒரு கோப்பு கெட்டாலும் மற்றவை பிழைக்கும்.

இவ்வளவும் எதற்கு, லினக்ஸில் பல்லாண்டுகளாக ‘கிரான்’ என்ற ஏற்பாடு இருக்கிறதே, அது நிமிஷந்தோறும் ஒரு சிறு நிரலை எழுப்பாதா என்று அனுபவஸ்தர் கேட்கலாம். எழுப்பும். மணிக்கொரு முறை அளப்பவருக்கு நான் கிரானையே சிபாரிசு செய்வேன்: ஓர் ஓட்டம் செத்தாலும் அடுத்தது புதிதாகப் பிறக்கும், மேலே கூறிய எக்ஸெப்ஷன் அபாயம் அங்கே இல்லை. ஆனால் நிமிஷத்துக்குக் குறைந்த இடைவெளி அதற்குத் தெரியாது. மேலும் ஒரே ஓர் எண்ணைப் படிப்பதற்காக நிமிஷந்தோறும் ஜாவாவை அடியிலிருந்து எழுப்புவது அந்தச் சிறு கணிப்பொறிக்குப் பெரும் பாரம். அதன் இடத்தில் இப்போது வழங்கும் சிஸ்டம்டி டைமரைக் கொள்வோர், சொல்லாவிட்டால் அது ஒரு நிமிஷம் வரை பிந்தி எழுப்பக்கூடும் என்பதை அறிந்து, துல்லியத்தை ஒரு விநாடி என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். நம் முறையில் சிஸ்டம்டிக்கு வேறொரு காரியம் இருக்கிறது: மின்சாரம் வந்தவுடன் நிரலைத் தொடங்குவதும், அது விழுந்தால் மீண்டும் தூக்கி நிறுத்துவதும்.

எல்லாம் எழுதி முடிந்தபின் ஒரு நாள் சோதனைக்கு ஒதுக்குக. சென்சாரைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில், கிளைகால் நிரப்பிய சிறு குப்பிக்குள் அமிழ்த்தி வைத்தால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் எண் துள்ளாமல், மருந்துக் குப்பி உணரும் உஷ்ணத்துக்கு அண்மையில் நிற்கும். நிரலை நள்ளிரவுக்கு முன் தொடங்கிவிட்டு, மறுநாள் பகலில் சென்சாரின் கம்பியைப் பிடுங்கி, ஆறு நிமிஷம் கழித்துச் செருகுங்கள். மாலையில் சுவர்க்கடிகாரத்தைக் கையால் பத்து நிமிஷம் பின்தள்ளி, சற்றுப் பொறுத்துத் திருத்துங்கள். அந்தப் பத்து நிமிஷங்களுக்கான வரிகளை நிரல் என்ன செய்தது என்பதைத் தொடக்க விநாடிப் பத்தியின் துணைகொண்டு பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பார்ப்பதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாள் காலையில் அன்றைய கோப்பை எடுத்து, கம்பி பிடுங்கிய நிமிஷங்கள் ‘பிழை’ என்ற குறியோடு நிற்கின்றனவா, கம்பியைச் செருகிய பின் அளவெடுப்பு தானாகவே தொடர்ந்ததா, செருகிய கணத்தில் 85 ஏதேனும் புகுந்ததா, குறித்த நிமிஷத்துக்கும் அளந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் காலையில் இருந்தபடியே இரவிலும் இருக்கிறதா என்று வரி வரியாகச் சரிபார்த்த பிறகே, அடுத்த அத்தியாயத்தில் விவரிக்கப்படும் வரைபடத்துக்கு அந்தக் கோப்பைக் கொடுக்கலாம்.